அர்திலியோ அடித்த பதினேழு

வெர்னெல்லி கார் கம்பெனியில் மொத்தமே நாற்பது பேர்தான். அதில் அர்திலியோ பெர்கொன்சீனியின் வேலை எண் அடிப்பது. ஒரு பந்தயக் காரின் சேஸ், அதாவது குழாய்களால் ஆன அடிச்சட்டம், தயாரானதும், முன்பக்கம் வலது குழாயில் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. ஓர் இலக்கத்துக்கு ஓர் அடிதான். இரண்டாவது அடி விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும்; அப்புறம் அரத்தால் ராவி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் அவன் அடித்த எதையும் ராவ வேண்டி வந்ததில்லை. இதை அவன் சொல்லிக்கொண்டதில்லை. கூட வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. முப்பது வருஷம் மோதெனாவில் டவுன் பஸ் ஓட்டியவன். அர்திலியோ எனக்கு எதிர் வீடு. சீட்டாட்டத்தில் என் கூட்டாளி. பேச்சு குறைவான மனுஷன். ஒரு விஷயத்தை அவனிடமிருந்து முழுசாகக் கேட்க எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. கடைசியில் நடந்ததையெல்லாம் நானே கூட இருந்து பார்த்தேன்.

அவனுக்கு நான்கு வயது இளைய தம்பி நேரியோ. அதே கம்பெனியில் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற வேலை. பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வேறு; பெரிய வீட்டுப் பிள்ளைகள், கோப்பையோடு பேப்பரில் படம் வரும். அவர்கள் உட்காருவதற்கு முன்னால் பிரேக் பிடிக்கிறதா, வளைவில் இழுக்கிறதா என்று ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவன் நேரியோ. அந்த வண்டிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பதினேழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் இரண்டு மலைப் பந்தயத்தில் வெற்றி. ஐம்பத்து நான்கில் அப்பெனைன் மலையைச் சுற்றி ஆயிரம் கிலோமீட்டர் பந்தயம். முன் கண்ணாடி உடைந்து, கொட்டுகிற மழையில், பதினோரு நிமிஷ வித்தியாசத்தில் முதலிடம். எங்கள் ஊர் முடிதிருத்தும் கடைகளில் அன்னை மரியாள் படத்துக்குப் பக்கத்தில் பதினேழின் படம் மாட்டியிருந்த காலம் அது. அந்த வண்டியை எல்லோரையும்விட அதிகம் ஓட்டியவன் நேரியோ. அவன் பெயர் எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

"உன்னவிட அது நான் சொன்னபடி கேக்குது" என்று பெண்டாட்டி இரீதேயைச் சீண்டுவான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை தொர்தெல்லீனியும் அதையே பிடிச்சுத் தரச் சொல்லு" என்பாள் அவள், கறி வைத்துப் பிடிக்கிற குட்டிக் கொழுக்கட்டைகளைச் சொல்லி.

ஐம்பத்தைந்து மார்ச்சில் ஒரு காலை, லேசான பனிமூட்டத்தில், ஃபொர்மீஜினே போகிற ரோட்டில் எரு வண்டி கட்டிய டிராக்டர் ஒன்று வயலிலிருந்து பின்னால் வந்து ரோட்டில் ஏறியது. நேரியோ பதினேழை ஒடித்துத் திருப்பினான். மரத்தில் போய் மோதினான். அவனுக்கு வயது இருபத்தைந்து. இரீதேக்கு இருபத்து நான்கு. மகள் மிர்காவுக்கு இரண்டு.

வண்டியை லாரியில் தூக்கி வந்து பட்டறையின் பின்பக்கம் போட்டுத் தார்ப்பாயால் மூடினார்கள். ஆனால் பதினேழு ஏற்கெனவே அர்ஜென்டினாக்காரர் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. கப்பலுக்கு, சுங்கத்துக்கு என்று எல்லாத் தாள்களிலும் அந்த எண்தான். அடக்கம் முடிந்து பதினோராம் நாள் முதலாளி அர்திலியோவைக் கூப்பிட்டார். மூலையில் ஒரு புதுச் சேஸ் கிடந்தது. வரிசைப்படி அது இருபத்திரண்டாக வேண்டியது.

"இதுல பதினேழு அடி."

"பதினேழு அங்க கிடக்குதுங்க."

"அது இனிமே எதுவும் இல்லப்பா. கப்பல் பதினஞ்சு நாள்ல கெளம்புது. இந்த வண்டி போகலன்னா நான் கதவச் சாத்தணும். நாப்பது குடும்பம். யோசிச்சுப் பாரு."

அர்திலியோ யோசித்தானா என்று தெரியாது. அடித்தான். ஒன்று நேராக விழுந்தது. ஏழு வலது பக்கம் சாய்ந்து விழுந்தது.

பழைய வண்டியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை. அர்திலியோவே கேஸ் கட்டரை எடுத்தான். ஏன் நீயே போனாய் என்று பின்னால் ஒரு முறை கேட்டேன். "வேற எவனும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு தோணிச்சு" என்றான். சீட்டை மட்டும் கழற்றித் தனியாகப் பட்டறைக்குப் பின்னால் எரித்தான். மீதியை மூன்றாக வெட்டினான். லாரி அதை பிரேஷா பக்கம் ஒரு உருக்காலைக்குக் கொண்டுபோனது.

இரீதேயிடம் மேனேஜர் வேறு மாதிரி சொன்னார். "வண்டியச் சரி பண்ணி அர்ஜென்டினாவுக்கு அனுப்பிட்டோம்மா." அப்போது அர்திலியோவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள், "எங்கயோ ஓடிட்டுத்தான் இருக்குல்ல. சரி" என்றாள். அந்த "சரி"யைக் கேட்டபின் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அன்று திறக்காத வாய் முப்பத்து மூன்று வருஷம் மூடியே இருந்தது.

கம்பெனியை எப்படியும் ஆறு வருஷத்தில் மூடிவிட்டார்கள். அர்திலியோ டிராக்டர் தொழிற்சாலைக்குப் போனான். அங்கே எண் அடிக்க இயந்திரம் இருந்தது; அவன் தகட்டை வைத்து எடுத்தால் போதும். இரீதே வீட்டில் ஒரு பின்னல் இயந்திரம் போட்டு, கார்ப்பி ஊர் வியாபாரிகளுக்கு ஸ்வெட்டரின் கைப்பகுதிகளைப் பின்னிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அர்திலியோவுக்குச் சாப்பாடு அவள் வீட்டில். குழாய் ஒழுகினால் அவன் போவான். மிர்காவைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது அவன்தான். அவளுக்கு அவன் பெரியப்பா, கிட்டத்தட்ட அப்பாவும்.

நாங்கள் சீட்டாடுகிற பாரின் சொந்தக்காரி ஸைரா, வாய்த்துடுக்குக்காரி. "ஏன்டா, அந்த இரீதேயக் கட்டிக்கிட்டா என்ன? சூப்பு எப்படியும் அங்கதான் குடிக்கிற. அப்படியே தூங்கியும் எந்திரிச்சா வாடகையாவது மிச்சம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அர்திலியோ ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, "உன் ஆட்டம், எர்மெஸ்" என்று என் பக்கம் திரும்புவான்.

ஒரு நாள் தனியாக இருக்கும்போது நானும் கேட்டேன்.

"கட்டிக்கிட்டா சொல்லணும்" என்றான்.

என்ன சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் மிர்காவின் புருஷன் லோரிஸ் பாருக்குள் ஓடி வந்தான். அவன் கொலினெல்லி என்பவரின் பட்டறையில் டிங்கரிங் வேலை செய்தான். பழைய பந்தயக் கார்களைப் புதுசாக்கிக் கொடுக்கிற இடம்.

"மாமா! வந்துருச்சு மாமா! பதினேழு வந்துருச்சு! பியூனோஸ் அயர்ஸ் பக்கம் ஏதோ மாட்டுப் பண்ணையில கோழி அடைஞ்சு கிடந்துச்சாம். மிலானோக்காரர் ஒருத்தர் வாங்கி எங்க பட்டறைக்கு அனுப்பியிருக்காரு!"

பார் முழுக்கக் கைதட்டல். ஸைரா லாம்ப்ருஸ்கோ ஒயின் பாட்டிலைத் திறந்துவிட்டாள். அர்திலியோ கையிலிருந்த சீட்டுகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான். "எனக்குக் கழுத்து வலிக்குது, வீட்டுக்குப் போறேன்" என்றான்.

விஷயம் இதுதான். அடுத்த மே மாதம் பழைய கார்களின் ஊர்வல ஓட்டம் ஒன்றில் அந்த வண்டியைச் சேர்க்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்த அதே வண்டிதான் இது என்று அதன் கமிட்டிக்கு அத்தாட்சி வேண்டும். கம்பெனித் தாள்கள் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருந்தது இரண்டே பேர். ஒருவர் ஃபோர்மேன் பஸ்ஸோலி. சஸ்ஸுவோலோவில் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கை. இன்னொருவன் எண் அடித்தவன்.

நான்தான் என் ஃபியட்டில் அவனைக் கூட்டிப்போனேன். வண்டி பட்டறை நடுவில் நின்றது. துரு, கோழி எச்சம், கிழிந்த தோல். அப்படியிருந்தும் அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். அர்திலியோ முட்டி போட்டு உட்கார்ந்து வலது குழாயைத் துணியால் துடைத்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது இருபத்திரண்டு" என்றான்.

மிலானோக்காரர் சிரித்தார். "பெரியவரே, பதினேழுன்னுதான போட்டிருக்கு?"

"போட்டது நான்தாங்க. இது ஒரு பந்தயத்துலயும் ஓடின வண்டி இல்ல. அந்த வண்டிக்குக் குறுக்குக் குழாய் ரெண்டு. இதுக்கு மூணு, பாருங்க."

"விபத்துக்கப்பறம் ஒண்ணு சேர்த்திருப்பாங்க."

"விபத்துக்கப்பறம் அந்த வண்டியே இல்லீங்க. நான் வெட்டினேன்."

மிலானோக்காரர் கொலினெல்லியைப் பார்த்தார். கொலினெல்லி அர்திலியோவின் தோளில் கை போட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான் அவரும். "அர்திலியோ, உனக்கு அறுபத்திரண்டு. இது முப்பத்து மூணு வருஷத்துக் கதை. ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். எட்டுப் பேரு இந்த வண்டிய நம்பி வேலை பாக்கறாங்க. லோரிஸும் அதுல ஒருத்தன். ஒரு கையெழுத்துப்பா, அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

அர்திலியோ சொன்னான்: "இதே மாதிரிதான் அவரும் சொன்னாரு."

"யாரு?"

அவன் வந்து காரில் ஏறிக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் லோரிஸ் வீட்டில் சொல்லாமல் இருப்பானா? ஞாயிற்றுக்கிழமை இரீதே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நல்ல கோட்டு, தலையில் பட்டுத் துணி, காதில் கல்யாணத்துத் தோடு. "எர்மெஸ், என்னைக் கூட்டிட்டுப் போ. அர்திலியோ ஏதேதோ சாக்கு சொல்றான். அவனையும் இழுத்துட்டு வா" என்றாள்.

கொலினெல்லி பட்டறையைத் திறந்துவிட்டார். இரீதே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தொடவில்லை. பிறகு லோரிஸ் கையைப் பிடித்து ஏற்றிவிட, ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு. ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மர வளையம் தேய்ந்து ஒரு இடம் பளபளவென்று இருந்தது.

"இங்க பாரு, அர்திலியோ. மோதிரம் உரசின இடம். அவன் கழட்டவே மாட்டான்ல."

அங்கே உரசியது அர்ஜென்டினாவில் யாருடைய மோதிரமோ. லோரிஸ் மூக்கை உறிஞ்சினான். கொலினெல்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அர்திலியோ சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோ வந்துட்டேன், இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது இருவரும் பின்சீட்டில். பாதி வழியில் அவள் சொன்னாள்: "நீ கையெழுத்துப் போட மாட்டேன்னியாமே. ஏன்? அவன் வண்டி ரோட்டுல ஓடறத ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

"அது அவன் வண்டி இல்ல, இரீதே."

நான் கண்ணாடியில் பார்த்தேன். அவன் தன் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். சேஸ், பதினோராம் நாள், சாய்ந்த ஏழு, மூன்று துண்டு, உருக்காலை. ஒன்றையும் விடவில்லை. அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"யாரு வெட்டினா?" என்றாள் இரீதே.

"நான்."

"அன்னிக்கு என்ன கிழமை?"

அவன் யோசித்தான். "சனிக்கிழமை."

"மறுநாள் வந்து என் வீட்டுல சாப்பிட்ட."

"ஆமா."

"ரெண்டு தட்டு சாப்பிட்ட. எனக்கு ஞாபகம் இருக்கு. பசியா இருக்கான் பாவம்னு நெனச்சேன்."

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கிக் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இல்லை. இரீதே யாரிடமும் சண்டை போடவில்லை, அழவில்லை. கேட்டவர்களிடம் ஒரே பதில் சொன்னாள்: "அர்திலியோவுக்கு வயசாயிடுச்சு, பாவம், எல்லாம் குழம்பிப் போச்சு." தெரு முழுக்க அது பரவியது. பாரில் ஆட்கள் அவனிடம் கொஞ்சம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். மிர்கா அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"பெரியப்பா, சும்மா ரெண்டு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான்" என்றாளாம். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். டாக்டர் மிர்காவிடம், "இப்போதைக்கு நல்லாத்தான் இருக்காரு. ஆனா ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையை அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். மிர்கா மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான்.

இதற்குள் கொலினெல்லி சஸ்ஸுவோலோவுக்குப் போய் வந்துவிட்டார். ஃபோர்மேன் பஸ்ஸோலிக்குக் கண் சரியாகத் தெரியாது. போட்டோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாய்யா, நம்ம பதினேழுதான்" என்று அழுதாராம். கையெழுத்துப் போட ஒரு கன்னியாஸ்திரீ கையைப் பிடித்துக்கொடுத்தார். கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

மே மாதம் அந்த ஓட்டம் மோதெனா வழியாக வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை; ரோட்டின் இரண்டு பக்கமும் கொடியோடு கூட்டம். பதினேழு செக்கச்செவேல் என்று பளபளத்துக்கொண்டு வந்தது. மைக்கில் ஒருவர் அதன் வெற்றிகளை வரிசையாகச் சொன்னார். ஓட்டி வந்த மிலானோக்காரர், கொலினெல்லி சொல்லி வைத்தபடி, இரீதேயின் முன்னால் நிறுத்தி, இறங்கி அவள் கையில் முத்தமிட்டார். அவள் கைதட்டினாள், எல்லோரையும்விட அதிக நேரம். அன்று நான் பஸ் ஓட்ட வேண்டியதில்லை, ரோட்டை மறித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் அர்திலியோவோடு நின்றேன்.

"நல்லா ஓடுது" என்றான் அவன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. மத்தியானம் ஸைரா பாரில் ஏதாவது சாப்பிடுவான், பாதியை வைத்துவிடுவான். ஸைராகூட இப்போது அவனைக் கேலி செய்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நவம்பர் காலையில் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"கொலினெல்லிகிட்ட விட்டுடறியா? கையெழுத்துப் போட்டுடறேன்."

"எதுக்குடா இப்ப?"

"போட்டுடறேன். முடிஞ்சுடட்டும்."

கொலினெல்லி அவனைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சங்கடமாக நெளிந்தார். "இனிமே எதுக்கு, அர்திலியோ? பஸ்ஸோலி எழுதினதே போதும்னு எல்லாம் முடிஞ்சுது. இப்ப நீ புதுசா ஒண்ணு எழுதினா, அப்ப ஏன் எழுதலன்னு கேப்பாங்க. வேண்டாம்பா. நீ உடம்பப் பாத்துக்க."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம். காரில் ஏறி, "இரீதே வீட்டுக்குப் போ" என்றான். நான் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டேன். அவன் மேலே போய் மணி அடித்தான். பின்னல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து கொதிக்கிற சூப்பின் வாசனை வந்தது.

"இரீதே, நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம் தப்பு. எனக்குக் குழம்பிப் போச்சு. டாக்டரும் சொல்றாரு. அது அதே வண்டிதான்."

அவள் படிக்கட்டுப் பக்கம் ஒரு அடி வந்தாள்.

"நீ குழம்பல" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். அன்னிக்கு கார்லயே தெரியும். நீ பொய் சொல்ற மூஞ்சி இல்ல, அர்திலியோ. முப்பத்து மூணு வருஷம் நீ வாயத் தொறக்கல, அவ்வளவுதான். ஒண்ணு, அப்பவே சொல்லியிருக்கணும். இல்லன்னா சாகுற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். அரை மணி நேரம் அவன்கூட உக்காந்திருந்தேன். அதக்கூட விட்டு வைக்கல நீ."

"இரீதே…"

"போ. அடுப்புல வேலை இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பிக்கும் வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான்.

அதன் பிறகு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தான். கார்ப் பைத்தியங்கள் சிலர் பழைய கதை கேட்க எங்கெங்கிருந்தோ அவனைத் தேடி வருவார்கள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவான். முதலில் அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பான். அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டான். தொண்ணூற்று மூன்று ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தான். மிர்கா தினமும் வந்தாள். இரீதே வருவாளா என்று அவன் கேட்கவில்லை. ஏழாம் நாள் காலையில் நான் பேப்பர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நானும் லோரிஸும் இன்னும் நான்கு பேரும் பெட்டியைத் தூக்கினோம். இரீதே வரவில்லை. முழங்கால் வலி என்று மிர்கா சொன்னாள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சந்தைக்குப் போகிற பஸ்ஸில் சில நாள் இரீதேயைப் பார்க்கிறேன். பக்கத்தில் இடம் இருந்தால் உட்காருகிறாள். என் பெண்டாட்டியின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். நான் அவள் முழங்காலைப் பற்றிக் கேட்கிறேன். பிறகு இரண்டு பேரும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறோம். அவள் இறங்குமிடம் எனக்கு முன்னால் வந்துவிடுகிறது.